சப்பிரகமுவத் தோட்டங்களில் மணத்தைலங்களும் மனை மருத்துவமும்

சப்பிரகமுவ மாகாணத்தின் இரு மாவட்டங்களாகிய இரத்தினபுரியும் கேகாலையும் மழையோடு பிறந்த நிலங்கள். இரத்தினபுரியில் ஆண்டொன்றிற்குப் பெய்யும் மழை 3,500 மில்லிமீற்றருக்கு மேற்படும். யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டை முதலிய பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களில் மழை வந்தால் பால் வெட்டு நிற்கும். அன்றைய கூலியும் அதனோடு குறையும். பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளின் தேயிலை மலைகளிலோ மழைக்காக எவரும் கொழுந்தை விடுவதில்லை. காலையில் நனைந்த உடல் மாலையில் நனைந்தபடியே லயத்திற்கு மீளும். தடிமன், இருமல், தலைப்பாரம், இடுப்பு நோவு, கெண்டைக்கால் உளைவு, அட்டைக்கடி என்பன இவ்வாழ்வின் நாளாந்தத் துணைகள். இவற்றுக்கெல்லாம் முதலிற் கை நீளும் இடம், லயக் காம்பராவின் சுவர்த்தட்டில் இருக்கும் ஒரு சிறு குப்பி. அது நீலகிரித் தைலமாக இருக்கலாம். கோடாலித் தைலமாகவோ, அமிர்தாஞ்சனமாகவோ, சித்தாலேபவாகவோ இருக்கலாம். பெயர் வேறாயினும் உள்ளிருக்கும் பொருளின் இனம் ஒன்றே. இவ்வினப் பொருள்கள் மெய்யாகச் செய்வன எவை, செய்யமாட்டாதன எவை, எவ்விடத்தில் மருந்து என்னும் நிலை மாறி நஞ்சாகின்றன என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

முதற்கண், பெயரால் விளையும் ஒரு மயக்கத்தைத் தீர்த்தல் வேண்டும். தைலம் என்னும் வடசொல் எள்ளைக் குறிக்கும் 'திலம்' என்பதன் அடியாகப் பிறந்தது. எண்ணெய் என்னும் தமிழ்ச் சொல்லும் எள்ளின் நெய் என விரிவதே. சித்த, ஆயுர்வேத மருத்துவர் காய்ச்சும் தைலங்கள் இப்பெயருக்கு முற்றும் உரியன. மூலிகைகளை நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ இட்டுப் பதம்வரக் காய்ச்சி எடுப்பவை அவை. இங்குப் பேசப்படும் மணத்தைலங்களிலோ எள்ளுமில்லை, நெய்யுமில்லை. இலை, பட்டை, மொட்டு, விதை ஆகியவற்றிற் செறிந்துள்ள மணப்பொருளை நீராவியினாற் கிளப்பி, குளிர வைத்து, நீரின்மேல் மிதக்கும் படலத்தைப் பிரித்தெடுப்பதே இவற்றின் ஆக்கமுறை. சில நீரினும் கனத்தன. அவை அடியிற் படியும். பண்டைய மருத்துவ நூல்களில் வாலை எனப்படும் வடிகலம் செய்த பணியையே இன்றைய செப்புக் கலனும் உருக்குக் கலனும் செய்கின்றன. இரண்டினையும் வேறுபடுத்தி அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. காகிதத்தில் ஒரு துளி இடுக. தேங்காயெண்ணெய் நீங்காத கறையாக நிற்கும். தூய மணத்தைலம் சிறிது நேரத்திற் பெரும்பாலும் பறந்துவிடும். இச்சிறு வேறுபாட்டிலேதான் பயனும் அபாயமும் ஒருங்கே அடங்கியுள்ளன. காய்ச்சிய தைலத்தில் மூலிகையின் சாரம் எண்ணெயிற் கரைந்து மென்மையடைந்திருக்கும். வடித்த தைலத்திலோ ஒரு சாக்கு இலையின் வீரியம் ஒரு சிறு குப்பியுள் ஒடுங்கியிருக்கும்.

ஈழத்து மண்ணுக்கு இவ்வடிப்புத் தொழில் புதிதன்று. உலகுக்கு இத்தீவு அளித்த பொருள்களுட் கறுவா தலையாயது. அம்மரம் ஒன்றே மூவகைத் தைலம் தரும். பட்டையின் தைலத்தில் மிகுதியாக இருப்பது சினமல்டிகைட்டு என்னும் பொருள். கறுவாவின் இனிய மணம் அதனுடையது. இலையின் தைலத்தில் மிகுதியாக இருப்பது யூஜினோல்; மணம் ஏறக்குறையக் கராம்பின் மணமே. வேர்ப்பட்டையின் தைலத்திலோ கற்பூரம் மிகுந்துள்ளது. ஒரே மரத்தின் மூன்று உறுப்புகள் மூன்று வேறு மருந்துகளாதலின், 'கறுவாத் தைலம்' என்று மட்டும் எழுதிய குப்பி வாங்குவோனுக்கு எதனையும் சொல்லாத குப்பியாகும். கேகாலை மாவட்டத்தில் மாவனெல்லை, அரநாயக்கப் பகுதிகளின் வீட்டுத் தோட்டங்களிற் கராம்பும் சாதிக்காயும் விளைகின்றன. தேயிலை மலைகளில் முதிர்ந்த செடிகளைப் பிடுங்கிய பின்னர், மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்றுதற்கு இடும் மானாப் புல்லும் சித்திரோனெல்லாப் புல்லும் ஒரே குடியின. கசக்கினால் மணப்பது அக்குடிப் பண்பு. சித்திரோனெல்லாத் தைலம் 19 ஆம் நூற்றாண்டில் இலங்கையின் பெயராலேயே உலகச் சந்தையில் விலைபோயிற்று. அதன் விளைநிலம் சப்பிரகமுவவுக்குத் தெற்கே மாத்தறை, அம்பாந்தோட்டைப் பகுதிகள். யூக்கலிப்டஸ் அவுஸ்திரேலிய நாட்டு மரம். ஜோசப் பொசிஸ்ரோ என்னும் மருந்தாளர் 1852 இல் விக்டோரியாவில் அதன் தைலத்தை வணிகமாக வடிக்கத் தொடங்கினார். பின்னர் அது நீலகிரி மலையில் வேரூன்றி, தமிழரிடையே அம்மலையின் பெயரையே தன் பெயராக்கிக் கொண்டது.

இனி, இவற்றின் பயனை நோக்குவோம். பல்வலிக்குக் கராம்புத் தைலம் இடுதல் வெறும் நம்பிக்கையன்று. யூஜினோல் நரம்பின் உணர்ச்சியை மரத்துப்போகச் செய்யும். பல் வைத்தியர்களே அதனை நாகவொட்சைட்டுடன் குழைத்துத் தற்காலிக அடைப்பாகப் பயன்படுத்துகின்றனர். ஆயினும் நோவை அடக்குவதன்றிச் சொத்தையை அது ஆற்றாது. நீர் கலவாத தைலத்தை மீண்டும் மீண்டும் இட்டால் ஈறு வெந்து புண்ணாகும். தடிமனுக்கு மெந்தோலும் யூக்கலிப்டசும் மணக்கும் களிம்பைப் பூசியவுடன் மூக்குத் திறந்தது போலத் தோன்றும். ஆராய்ந்து அளந்தோர் கண்டது வேறு: காற்றுச் செல்லும் வழி விரிவதில்லை, குளிர்ச்சியை உணரும் நரம்பு தூண்டப்படுவதால் மூச்சு இலகுவாயிற்று என்னும் உணர்வு பிறக்கின்றது. அவ்வுணர்வினால் ஒருவன் இரவில் உறங்குவானாயின், அதுவும் பயனே. இடுப்பு நோவுக்குத் தேய்க்கும் கற்பூரமும் விண்டர்கிரீன் தைலமும் தோலிற் சூட்டையும் எரிவையும் எழுப்பி உள்நோவின் உணர்வை மழுக்குவன. தேய்க்கும் கையின் பங்கும் இதிற் சிறிதன்று. நுளம்புக்குச் சித்திரோனெல்லா உதவும்; ஆயினும் விரைந்து பறக்கும் பொருளாதலின் அதன் காவல் ஓரிரு மணி நேரத்திற்கு மேல் நிலைப்பதில்லை. விடியற் பொழுதிற் பூசிய தைலம் நண்பகலில் இல்லை. டெங்குவைப் பரப்பும் நுளம்போ பகலிலேயே கடிப்பது.

இவையெல்லாம் உடலின் மேற்புறத்துப் பயன்கள். மணத்தைலம் ஒன்று உடலினுள்ளே சென்று ஒரு கொடிய நோயோடு உண்மையாகவே பொருதிய வரலாறும் இந்நாட்டுத் தோட்டங்களுக்கு உண்டு. அவ்வரலாறு இன்று பெரிதும் மறக்கப்பட்டுவிட்டது. வாசனைத் தைலங்களை வாழ்த்துவோரும் இகழ்வோரும் அதனை ஒருங்கே படித்தல் தகும்.

கொக்கிப்புழு ஈரமண்ணில் வாழும் நுண்புழு. வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலிற் புகுந்து, குடலைக் கவ்விக் குருதியை உறிஞ்சும். முகம் வெளுத்து, கால் வீங்கி, ஏணிப்படி ஏற மூச்சு வாங்கும் சோகை அதன் விளைவு. மழையும் வெப்பமும் நிழலும் கூடிய தாழ்மலைத் தோட்டங்கள் அதற்கேற்ற நிலம். மலசலகூடமின்றி லயங்களில் மக்களை நெருக்கிக் குடியேற்றிய முறை அதற்கு மேலும் வாய்ப்பளித்தது. அந்நாளில் அறியப்பட்ட மருந்து தைமோல். ஓமத்தை வடித்தெடுக்கும் தைலத்தின் முதன்மைப் பொருளே தைமோல் என்பது இங்கு நினைக்கத்தக்கது. குழந்தையின் வயிற்றுப் பொருமலுக்குத் தாய்மார் கொடுக்கும் ஓமத்தண்ணீரின் மணமும் அதனுடையதே. கொக்கிப்புழுவுக்குத் தைமோல் கொடுக்கும் முறையை 1880 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலிய மருத்துவர் பொற்சோலோ நிலைநாட்டினார். இந்தியாவில் விளைந்த ஓமம் ஜேர்மனிக்குக் கப்பலேறி, அங்குத் தைமோலாகித் திரும்பியது. 1914 இற் போர் மூண்டதும் அவ்வழி அடைபட்டது.

அப்பொழுது முன்வந்தது கீனோப்போடியத் தைலம். இது சக்கரவர்த்திக் கீரையின் இனத்ததாகிய ஓர் அமெரிக்கச் செடியிலிருந்து மேரிலாந்துப் பகுதியில் வடிக்கப்பட்டது; இதன் செயற்பொருள் அசுக்கரிடோல். சுமாத்திராத் தோட்டங்களிற் பணியாற்றிய சூவ்னர், வெர்வோர்ட் என்னும் மருத்துவர் இருவர், கொக்கிப்புழுவுக்கு இது தைமோலினும் சிறந்தது என 1913 ஐ ஒட்டி வெளிப்படுத்தியிருந்தனர். 1916 இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரச் சபை இலங்கையில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கியபோது, இத்தைலமே அதன் படைக்கலங்களுள் ஒன்றாயிற்று. சோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையோரின் குடலிற் புழு இருந்தது. நோயாளியைப் பட்டினியிருக்கச் செய்து, வயதுக்கும் உடலுக்கும் ஏற்பத் துளிகளை எண்ணிக் கொடுத்து, பின்னர்ப் பேதிமருந்தினாற் புழுவையும் எஞ்சிய தைலத்தையும் வெளியேற்றுவது முறை. புழுக்கள் இறந்தன, வெளுத்த முகங்கள் தேறின. மணத்தைலம் மெய்யான மருந்தாக நின்ற இடம் இது. அங்ஙனம் நிற்கச் செய்தது அதன் மணமன்று, எண்ணிய துளியே. துளி மிகுந்தவிடத்துத் தலைசுற்றலும் காதில் இரைச்சலும் செவிட்டுத் தன்மையும் கண்டன. உலகின் பல பாகங்களிற் குழந்தைகள் சிலர் இறந்தும் போயினர். அதனாலேயே பின்னாளில் வேறு மருந்துகள் வந்ததும் இத்தைலம் மருந்துப் பட்டியல்களிலிருந்து மறைந்தது.

இவ்வரலாற்றின் மறுபாதி மருந்தைப் பற்றியதன்று. தைலத்தால் தூய்மையான குடலோடு லயத்திற்குத் திரும்பியவன் அதே மண்ணில் அதே வெறுங்காலோடு நடந்தான். மலசலகூடம் கட்டுதற்குப் பணம் செலவிடத் தோட்டத் துரைமார் பலர் உடன்படவில்லை. சில திங்களில் புழு மீண்டது. ஒரு குப்பித் தைலம் மலிவு. நூறு குடும்பங்களுக்கு மலசலகூடம் அமைத்தல் செலவு. இக்கணக்கு 1916 உடன் முடிந்துவிட்டது எனக் கூறுதற்கில்லை. லயத்தில் ஒழுகும் கூரையும் புகை போக வழியில்லாத அடுப்பும் இருக்கும் வரை, இருமலுக்குத் தைலம் தேய்த்தல் அன்றாட வழக்காகவே இருக்கும்.

தோட்டத்துத் தாய் மருத்துவமனைக்குச் செல்லாமல் தைலக் குப்பியை நாடுதலை அறியாமை என ஒதுக்குவோர் உளர். அது பொருந்தாது. 1872 இலும் 1912 இலும் பிறந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டங்களினாலே தோட்டத்து மருத்துவம் அரசின் பொது வைத்தியப் பணியினின்றும் வேறாக வளர்ந்தது. 1970 களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்கு வந்த பின்னும் அவ்வேறுபாட்டின் தழும்பு மாறவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரி மூடியிருக்கும் இரவில், கரவனல்லையிலோ பலாங்கொடையிலோ உள்ள ஆதார வைத்தியசாலைக்குக் குழந்தையைக் கொண்டுசெல்ல வேண்டுமாயின், முச்சக்கர வண்டிக்கு ஒருநாட் கூலி போகும். மறுநாள் வேலைக்குச் செல்ல இயலாமையால் இன்னொரு நாட் கூலியும் போகும். குப்பியோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றது. 1937 இல் பிரெஞ்சு வேதியியலறிஞர் கட்டபோசே மணமருத்துவம் என்னும் பொருள்படத் தம் நூலுக்குப் பெயரிட்ட பின்னர், மேல்நாட்டு நகர்களில் இத்தைலங்கள் ஓய்வுக்கும் இன்பத்திற்கும் உரிய நாகரிகமாயின. பட்டணத்தார்க்கு அது விரும்பித் தெரிந்த மாற்று. மலையிலோ, வேறு வழி எட்டாதவிடத்து எஞ்சிய வழி. ஆகவே குப்பியை எறிக என்று சொல்வதாற் பயனில்லை. எங்கே அதனை நிறுத்த வேண்டும் என்பதையே தெளிவாகக் கூறுதல் வேண்டும்.

முதலாவது எல்லை வாய். கற்பூரமும் யூக்கலிப்டசும் விண்டர்கிரீனும் கராம்பும் குழந்தையின் வாயிற் செல்லத் தகாதன. சளி கரையும் என்று சர்க்கரையில் இரு துளி இட்டுக் கொடுக்கும் வழக்கமும், தொப்புளிலும் மூக்கினுள்ளும் தடவும் வழக்கமும் பல குடும்பங்களில் உண்டு. கற்பூரம் சிறு அளவிலேயே குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கும். ஒரு கிராம் அளவே உயிரைப் போக்கவும் கூடும். யூக்கலிப்டஸ் தைலத்தில் ஒரு தேக்கரண்டி, குழந்தையை உணர்விழக்கச் செய்யப் போதியது. விண்டர்கிரீன் தைலத்தின் ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 7 கிராம் அஸ்பிரினுக்கு நிகரான பொருள் உள்ளது. அஃது இருபது மாத்திரைகளுக்கு மேற்பட்ட அளவு. கைக்குழந்தையின் மூக்கருகே மெந்தோலைப் பூசினால் மூச்சுத் திணறி நின்றுவிடுதலும் உண்டு. பெரியவர்க்கு ஆறுதல் தரும் அதே களிம்பு கைக்குழந்தைக்கு ஆகாது. ஆவி பிடித்தலிலும் தைலத்தைவிடக் கொதிநீரே பெரும் அபாயம். நெருங்கிய காம்பராவிற் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்தோர் பலர்.

இரண்டாவது எல்லை காய்ச்சல். இவ்விடத்திலேதான் சப்பிரகமுவவின் சிறப்பான அபாயம் உள்ளது. இரத்தினபுரியும் கேகாலையும் எலிக்காய்ச்சல் மிகுதியாகக் காணும் மாவட்டங்கள். வயலிலும் மாணிக்கக் குழியிலும் வெள்ளம் வடிந்த சேற்றிலும் எலியின் சிறுநீர் கலந்த நீர் புண்ணின் வழியே உடலிற் புகுவதால் அந்நோய் வருகின்றது. தோட்ட வேலை குறைந்த நாட்களில் இவ்விடங்களுக்குக் கூலிக்குச் செல்வோர் உளர். 2003 இலும் 2017 இலும் களுகங்கை பெருகியதைப் போன்ற வெள்ளங்களின் பின் அபாயம் ஏறும். அந்நோயின் அறிகுறிகளுள் முதன்மையானவை காய்ச்சலோடு கூடிய கெண்டைக்கால் நோவும் கண் சிவத்தலும். கெண்டைக்கால் நோவு மலையேறும் தொழிலாளிக்குப் பழக்கமான நோவு. ஆதலால் தைலம் தேய்த்துப் படுத்துவிடுகின்றனர். மூன்றாம் நாளில் நோவு சற்றுத் தணிந்ததாகத் தோன்றும். சிறுநீர் குறையத் தொடங்கியிருக்கும். உரிய நாளில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பெற்றால் எளிதிற் தீரும் நோய், அந்நாட்களைத் தைலத்தோடு கழித்தமையாற் சிறுநீரகத்தைத் தாக்கிவிடும். வயலுக்கும் குழிக்கும் செல்வோர் முன்னரே பெறத்தக்க டொக்சிசைக்கிளின் மருந்து சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகங்களில் வழங்கப்படுகின்றது.

டெங்குவின் நிலையும் இத்தகையதே. 2017 இல் இலங்கையில் 1,86,000 க்கு மேற்பட்டோர் டெங்குவுக்கு ஆளாயினர். உடல் முழுதும் முறிந்தது போன்ற அந்நோவுக்கு உடல் முழுதும் களிம்பு தேய்த்தல் இயல்பாக எழும் எண்ணம். டெங்குவில் அஸ்பிரின் விலக்கப்பட்டது, குருதி கசியும் ஆதலால். களிம்புகள் பலவற்றிலுள்ள மெதயில் சலிசிலேற்று அஸ்பிரினின் உறவுப் பொருள். பரவலாகத் தேய்த்தால் தோலின் வழியே குருதியிற் சேரும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளே அபாய நாள் என்பதும் பலர் அறியாதது. தைலத்தால் காய்ச்சல் விட்டது என்று மகிழும் அந்நாளிலேயே நோயாளி வைத்தியசாலையில் இருத்தல் வேண்டும்.

இவ்விரு எல்லைகளுக்கும் உட்பட்ட இடத்தில் தைலம் தன் பணியைச் செய்யலாம். வடித்த தைலத்தைத் தனியே தோலில் இடலாகாது. ஒரு மேசைக்கரண்டித் தேங்காயெண்ணெய்க்கு ஆறு துளி என்னும் அளவு வளர்ந்தோர் உடம்புக்குப் போதும். அது நூற்றுக்கு இரண்டு பங்கு ஆகும். கறுவாப் பட்டைத் தைலம் அவ்வளவிலும் தோலை எரிக்குமாதலின் அதனை விலக்குதல் நன்று. கண், புண், முகம் ஆகியவற்றிற் படலாகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தைலமின்றித் தாயின் கையால் தேய்க்கும் வெறும் தேங்காயெண்ணெயே தகும். கர்ப்பிணிப் பெண்கள் மருத்துவமாதைக் கேட்டே எதனையும் பயன்படுத்த வேண்டும்.

குப்பியை வைக்கும் இடமும் பொருட்டானதே. காம்பராவில் ஒரே தட்டில் சாமிப் படமும் விளக்கெண்ணெயும் பூசைக் கற்பூரமும் தைலக் குப்பியும் நெருங்கியிருக்கும். தவழும் குழந்தைக்கு வெண்கற்பூரத் துண்டு கற்கண்டாகத் தோன்றும். இரண்டும் மேலே, மூடியோடு, தனியே இருத்தல் வேண்டும். குழந்தை விழுங்கிவிட்டது எனத் தெரிந்தால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. தைலம் நுரையீரலிற் புகுந்து மேலும் கேடு செய்யும், வலிப்பும் இடையில் வரக்கூடும். பாலும் எண்ணெயும் கொடுத்தல் வேண்டா. வாயில் எஞ்சியதைத் துடைத்து, குழந்தையைத் தாமதமின்றி அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விழுங்கிய பொருள் இருந்த குப்பியையும், கற்பூரமாயின் அதன் பொதியுறையையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். எழுத்து அழிந்த குப்பியாயினும், அதன் மணத்தைக் கொண்டே மருத்துவர் பொருளை அறிந்துகொள்ளக் கூடும்.